ஓம்மன் வனத்துப் பாடசாலை

ஹாலந்து தேசத்தின் கிழக்குப் பகுதியில், ஓவரைசல் மாகாணத்தில், ஓம்மன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் பெயர் ஒரு காலத்தில் சென்னையில் படித்தவர் பலருடைய நாவில் புழங்கிற்று. 1929-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி, அடையாற்றில் பிரம்மஞான சபையார் வளர்த்து உலக குருவென்று போற்றிய ஸ்ரீ ஜே. கிருஷ்ணமூர்த்தி, அவ்வூர்க் காட்டிடையே கூடிய மூவாயிரம் அடியார் முன்னிலையில், அன்னி பெஸண்ட் அம்மையாரும் அருகிருக்க, தம்மைத் தலைவராகக் கொண்ட நட்சத்திர சங்கத்தைத் தாமே கலைத்தார். அச்சங்கத்துக்கு மாளிகையும் காடும் நிலமும் அளித்தவர் பிலிப் வான் பல்லாண்ட் என்னும் பிரபு. சங்கம் கலைந்தபின் அவை அவர் கைக்கே மீண்டன. இவ்வளவும் நம்மவரில் பலர் அறிந்த கதை. அதே மாளிகையில் ஐந்து ஆண்டுகட்குப் பின் தொடங்கிய வேறொரு கதையை அறிந்தோர் மிகச் சிலர். குரு வேண்டாவென்று ஒருவர் உலகுக்கு அறிவித்த இடத்தில், குருவின் கடமை யாதென்ற கேள்வி மிகக் கடுமையான உருவில் எழுந்தது. அதனையே இன்று எழுதப் புகுந்தோம்.

மாளிகையின் பெயர் ஏர்டே. 1715-இல் கட்டியது, சுற்றிலும் அகழி, அதற்கப்பால் அடர்ந்த மரங்கள். 1934-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அங்கே ஒரு சிறு விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. திறந்தவர்கள் குவேக்கர்கள்.

குவேக்கர் என்போர் கிறிஸ்தவருள் ஒரு சிறு பிரிவினர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரால் தோன்றிய இக்கூட்டத்தார் தம்மை நண்பர் சங்கம் என்று அழைத்துக்கொள்வர். இவர்களுடைய பழைய முறை வழிபாட்டில் பாதிரியாரும் இல்லை, பிரசங்க பீடமும் இல்லை. யாவரும் ஓரிடத்தில் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் எழுந்து நாலு வார்த்தை சொல்வர். ஒருவருக்கும் ஏவுதல் வராவிடின் மௌனத்திலேயே கூட்டம் முடியும். சங்க காரியங்களில் வாக்கெடுத்துப் பெரும்பான்மையால் தீர்மானிப்பதும் கிடையாது. எல்லாரும் ஒருமனப்படும் வரையில் பேசியும் பொறுத்தும் இருப்பர். யுத்தத்தில் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது இவர்களுடைய பழைய விரதம். சத்தியப் பிரமாணமும் செய்யமாட்டார்கள். எப்பொழுதும் உண்மையே பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இந்தக் கொள்கையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் நாட்டுக்கு இவர்கள் அந்நியரல்லர். விடுதலைப் போரின்போது இந்தியாவின் பக்கம் நின்று பேசிய அகதா ஹாரிஸன் அம்மையாரும் ஹோரேஸ் அலெக்ஸாண்டரும் குவேக்கர்களே. 1928-இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, 1949 முதல் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றிய மார்ஜரி ஸைக்ஸ் அம்மையாரும் அக்கூட்டத்தில் சேர்ந்தவரே.

ஜெர்மனியிலோ அவர்கள் பெயர் அதனினும் ஆழப் பதிந்திருந்தது. முதல் மகாயுத்தத்தில் தோற்றுப் பட்டினி கிடந்த ஜெர்மானியக் குழந்தைகளுக்கு, 1920 முதல் அவர்கள் உணவு வழங்கினர். உச்ச நிலையில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் உண்டனர். பகைவன் பிள்ளைக்குச் சோறு போட்ட அந்த நன்றியே, பிற்காலத்தில் நாஜி அதிகாரிகளையும் இவர்கள் விஷயத்தில் சற்றுத் தயங்கச் செய்தது என்று பலர் எழுதியிருக்கின்றனர். தயக்கம் எவ்வளவு தூரம் சென்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1933-ஆம் வருஷம் ஜனவரியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தார். ஏப்ரல் மாதத்துக்குள் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, யூதரையும் அரசியலில் நம்பத்தகாதவர் என்று தோன்றியவரையும் அரசாங்க உத்தியோகத்தினின்று விலக்கியது. உபாத்தியாயர் பலர் வீதிக்கு வந்தனர். மற்றொன்று, பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் புதிதாகச் சேரும் மாணவரில் யூதர் நூற்றுக்கு ஒன்றரைக்கு மேற்படலாகாது என்று விதித்தது. ஒருபுறம் பள்ளியற்ற ஆசிரியர், மறுபுறம் ஆசிரியரற்ற பிள்ளைகள். இவ்விருவரையும் எல்லைக்கு அப்பால் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே ஏர்டேயின் தொடக்கம். ஹாலந்து, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய மூன்று தேசத்து நண்பர்களும் இதில் கைகோத்தனர். புதிய ஆட்சியால் ஜெர்மனியில் பதவி இழந்த காதரினா பீட்டர்ஸன் அம்மையார் தலைமை ஆசிரியையாகி 1938 வரையில் நடத்தினார்.

அப்பள்ளியின் நடைமுறையில் நமக்குக் கவனிக்கத்தக்கவை சில உள. பிள்ளைகளில் பெரும்பாலோர் யூத வம்சத்தவர். யூதரல்லாத ஜெர்மானியரும், டச்சுக்காரரும், பிற தேசத்தவரும் உடன் பயின்றனர். ஆண் பெண் இருபாலாரும் ஒரே பள்ளியில் இருந்தனர். ஆங்கிலம் கட்டாயமாக இருந்தது; ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் நடத்திய பள்ளியிறுதிப் பரீக்ஷைக்கு மாணவரை அனுப்பினர். ஆங்கில மோகத்தால் வந்த ஏற்பாடன்று இது. ஜெர்மானியப் பரீக்ஷையில் தேறியும் அப்பிள்ளைகளுக்கு ஜெர்மனியில் இடமில்லை. டச்சுப் பரீக்ஷையில் தேறினால் ஹாலந்தில் மட்டுமே செல்லும். எந்தத் தேசம் கதவு திறக்குமோ தெரியாத நிலையில், எங்கும் செல்லுபடியாகும் நாணயம் ஒன்று வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஆங்கிலம் அடிமையின் அடையாளமா அறிவின் வாயிலா என்று நாம் எத்தனையோ ஆண்டுகள் வாதாடியிருக்கிறோம். ஏர்டேப் பிள்ளைகளுக்கு அது கப்பலேறும் சீட்டு.

புத்தகப் படிப்போடு கைவேலையும் அங்கே பாடமாக இருந்தது. தோட்டம், தச்சு, விடுதியின் அன்றாடக் காரியங்கள் ஆகியவற்றில் மாணவர் பங்கு கொண்டனர். வயதில் மூத்தவர்களுக்கென்று விவசாயமும் தோட்டக் கலையும் கற்பிக்கும் ஒரு பிரிவு ஏற்பட்டது. பெர்லினிலும் பிராங்க்பர்ட்டிலும் வக்கீல், வைத்தியர், வணிகர் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் உழவும் மாட்டுக் கொட்டகை கழுவவும் கற்றனர். இதற்கும் ஒரு கசப்பான காரணம் உண்டு. அகதிகளை ஏற்க மனமில்லாத கடல்கடந்த தேசங்கள் வக்கீலின் மகனை வேண்டாவென்றன. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவனை மட்டும் சில வேளைகளில் அநுமதித்தன. எனினும் கட்டாயத்தால் தொடங்கியது விருப்பமாயிற்று என்று கருத இடமுண்டு. சங்கீதமும் நாடகமும் அங்கே செழித்திருந்தன. நாடிழந்த பிள்ளைகள் காட்டு நடுவே ஒரு சிறு குடியரசை அமைத்துக்கொண்டு நாலைந்து ஆண்டுகள் வாழ்ந்தனர்.

கிறிஸ்தவப் பாடசாலை என்றதும் நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. கல்வியைக் கொடுத்து மதத்தை மாற்றினர் என்று மிஷன் பள்ளிகளின்மேல் ஒரு நூற்றாண்டுக் குறை நம்மிடம் உண்டு. அப்பள்ளிகளில் பயின்றே அக்குறையை எழுதக் கற்றோம் என்பதும் உண்மை. ஏர்டேயில் மௌன வழிபாடே பொதுவழிபாடு. மௌனத்தில் யூதப் பிள்ளை தன் கடவுளை நினைக்கலாம்; கடவுளே இல்லையென்று எண்ணும் பிள்ளை தன் தாய் தகப்பனை நினைக்கலாம்.

இதனை வாசிக்கும்போது டால்ஸ்டாய் பண்ணையின் நினைவு வாராதிருக்க இயலாது. 1910-இல் தென்னாப்பிரிக்காவில், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் காந்தியடிகள் அமைத்த பண்ணை அது. ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தை அளித்தவர் ஹெர்மன் காலன்பாக். யூத குலத்தில் பிறந்து ஜெர்மானிய மொழி பேசி வளர்ந்த கட்டிடக் கலைஞர். அங்கே வளர்ந்த சிறுவர் சிறுமியரில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அடிகள் தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழைக்கொண்டு அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். செருப்புத் தைக்கவும், சமைக்கவும், மலம் அகற்றவும் உடன் நின்று பழக்கினார். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யும்படி ஏவுவதில்லை என்பது அங்கே விதி. 1937-இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தின் வேர் அதுவே. ஒரு யூத நண்பரின் நிலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடந்த அந்தச் சோதனையும், ஹாலந்தில் யூதப் பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவர் நடத்திய இந்தச் சோதனையும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. உடலுழைப்பு அறிவுக்கு இழிவல்ல என்பதிலும், சொன்ன சொல் தவறலாகாது என்பதிலும் இரண்டு இடத்து ஆசிரியரும் ஒருமனத்தினர்.

1938-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 9-ந் தேதி இரவு ஜெர்மனியெங்கும் யூதர் கோயில்கள் எரிந்தன. சில தினங்களில் எஞ்சிய யூதப் பிள்ளைகளும் பொதுப் பள்ளிகளினின்று அறவே நீக்கப்பட்டனர். லண்டனில் பெர்த்தா பிரேஸி என்னும் குவேக்கர் அம்மையார் மற்றவர்களுடன் உள்நாட்டு மந்திரியைக் கண்டு வாதாடி, குழந்தைகளை மட்டும் பெற்றோரின்றி ஏற்க இசைவு பெற்றார். அவ்வழியில் சுமார் பதினாயிரம் குழந்தைகள் இங்கிலாந்து சேர்ந்தனர். அந்த மந்திரி யாரென்றால், சர் சாமுவேல் ஹோர். நம்மை 1930-க்குப் பின் அவசரச் சட்டங்களால் ஆண்ட அதே இந்தியா மந்திரிதான். நம்மிடம் காட்டாத இரக்கத்தை அக்குழந்தைகளிடம் காட்டினார். அதற்காக நாம் மகிழ்வதில் குறைவொன்றும் இல்லை.

அதே நவம்பர் மாதம் 26-ந் தேதி காந்தியடிகள் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் யூதரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனி இழைக்கும் கொடுமைக்குச் சரித்திரத்தில் ஈடில்லை என்று கூறிய அடிகள், யூதர் நாட்டை விட்டு ஓடாமலும், கை ஓங்காமலும், அவமானத்துக்குப் பணியாமலும் நின்று துன்பத்தைத் தாமே விரும்பி ஏற்கவேண்டும் என்று யோசனை சொன்னார். 1939 பிப்ரவரியில் மார்டின் பூபர் என்னும் யூதத் தத்துவ அறிஞர் அதற்கு நீண்டதொரு மறுமொழி எழுதினார். தென்னாப்பிரிக்க இந்தியர் பட்ட துன்பத்தை உலகம் கண்டது. ஒருவரும் காணாமல், பெயரும் தெரியாமல் முகாமுக்குள் மடிகிறவனுடைய தியாகம் யார் மனத்தை மாற்றும் என்பது அவர் வினாவின் சாரம். இந்த விவாதத்தை நம்மில் பலர் அறிவர். தத்துவமாகவே அதனைப் பேசிப் பழகியிருக்கிறோம். ஏர்டேயில் அது பிள்ளைகளின் உயிர் விஷயமாயிற்று.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. பள்ளி மூடப்படவில்லை. 1941 இலையுதிர் காலத்தில், யூதப் பிள்ளைகள் பிறரோடு ஒரே பள்ளியில் இருத்தலாகாது என்று உத்தரவு வந்தது. எதிர்த்தால் பள்ளியே போகும். இணங்கினால் யூதப் பிள்ளைகளுக்குக் கூரையாவது மிஞ்சும். பொறுப்பாளர் இணங்கினர். மாளிகைக்கு அப்பால் ‘டெ எஸ்’ என்னும் தனி வீட்டுக்கு யூத மாணவர் மாற்றப்பட்டனர். அங்கே பாடம் நடந்தது, தோட்டவேலையும் நடந்தது. நாலு வருஷம் ஒரே மேஜையில் உண்டவர்கள் இரு வீட்டினராயினர்.

1942 ஜூலை முதல் ஹாலந்து யூதரை வெஸ்டர்போர்க் முகாம் வழியாக ரயிலேற்றிக் கீழ்த்திசைக்கு அனுப்பத் தொடங்கினர். அதே ஆண்டு, கிருஷ்ணமூர்த்தியின் சொற்பொழிவைக் கேட்கப் பல தேசத்தார் கூடாரமிட்டுத் தங்கிய ஓம்மன் முகாமை நாஜிகள் ‘எரிகா’ என்று பெயரிட்டுச் சிறை முகாமாக்கினர். அடியும் பட்டினியும் அங்கே அன்றாட நிகழ்ச்சி. பள்ளிக்கும் அம்முகாமுக்கும் இடையே வெகு தூரமில்லை.

ஒளிந்துகொள்ள வழி இல்லாமற் போகவில்லை. ஹாலந்தில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட யூதர் விவசாயிகள் வீட்டுப் பரணிலும், நகரத்து மாடிகளிலும் மறைந்து வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைத்தனர். டெ எஸ் வீட்டிலிருந்தும் சில மாணவர் வெளியிலிருந்த நண்பர்கள் துணையால் தப்பிச் சென்று, ஆம்ஸ்டர்டாம் முதலிய இடங்களில் மறைந்திருந்து யுத்த முடிவைக் கண்டனர். பள்ளிப் பொறுப்பாளர் அவர்களை அனுப்பவில்லை. ஓடி ஒளிய வேண்டாம் என்பதே அவர்கள் பிள்ளைகளுக்குக் கூறிய புத்திமதி. ஒருவர் ஓடினால் மற்றவர்மேல் பழிதீர்ப்பர் என்ற அச்சம். அதிகாரிகளிடம் நேர்மையாக நடந்துகொண்டால் அவர்களும் சொல் காப்பர் என்ற நம்பிக்கை. பொய்ச்சீட்டும் பொய்ப்பெயரும் நண்பர் சங்கத்தின் தருமத்துக்கு ஒவ்வா என்ற எண்ணம். இம்மூன்றும் அதனுள் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துக் காண்பது நமக்கு ஆகாத காரியம்.

அக்காலத்தில் நம் நாட்டிலும் இதே வாதம் நடந்துகொண்டிருந்தது. 1942 ஆகஸ்டுக்குப் பின் ஜெயப்பிரகாஷ் நாராயணும் அருணா ஆஸப் அலி அம்மையாரும் தலைமறைவாக இருந்து போராடினர். 1944-இல் சிறையினின்று வெளிவந்த காந்தியடிகள், மறைவு சத்தியாக்கிரகத்துக்கு அடுத்ததன்று. வெளிவந்து சரணடைவதே மேல் என்று கூறினார். அருணா அம்மையார் அதற்கு இணங்காமல், 1946-இல் அவர்மேலிருந்த வாரண்டு நீங்கும் வரையில் மறைந்தே இருந்தார். அடிகளின் தருமம் உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது, தானே சிந்தித்துத் தானே சிறையை விரும்பி ஏற்கும் வயது வந்தவனுடைய தருமம். உப்பெடுக்க வேதாரணியம் சென்றவன் தான் எதற்காகச் செல்கிறோம் என்பதை அறிந்து சென்றான். திரும்பி வருவோம் என்பதையும் ஏறக்குறைய அறிந்திருந்தான். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, பெற்றோர் வேறு தேசத்தில் இருக்க, ஆசிரியரின் சொல்லொன்றையே சட்டமாக நம்பியிருக்கையில், அந்தப் பிள்ளையின் பொருட்டு ஆசிரியர் அந்த விரதத்தை மேற்கொள்ளலாமா? தம் உயிரைச் சத்தியத்துக்கு ஈடு வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. தம்மிடம் அடைக்கலம் வந்த உயிரை வைக்க உரிமை உண்டென்று நாம் ஒப்பமாட்டோம்.

இப்படி எழுதுவது நமக்கு எளிது. 1943-இல் அம்மாளிகையில் இருந்தவருக்கு ஔஷ்விட்ஸ் என்ற பெயரின் பொருள் தெரியாது. கீழ்த்திசையில் உழைப்பு முகாம் என்று சொன்னதை ஐரோப்பா முழுதும் பாதி நம்பிற்று. மேலும், ஒன்பது ஆண்டுகள் அப்பிள்ளைகளைக் காத்தவர்கள் அவர்களேயன்றி வேறு யார்? லண்டனும் வாஷிங்டனும் அநுமதிச் சீட்டை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சிறு கூட்டமொன்று தன் கைப்பொருளைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் அளித்தது. அவர்களுள் மிகப் பலர் உரிய காலத்தில் கடல்கடந்து சென்று பிழைத்ததும் ஏர்டேயில் கற்ற ஆங்கிலத்தாலும் உழவாலும்தான். குறை கூறும்போது இதனையும் சேர்த்தே கூறவேண்டும். சாமான்ய நேர்மை உள்ளவனிடம் பலித்த முறை நேர்மையே இல்லாதவனிடம் பலிக்கவில்லை என்பதுதான் நடந்தது. உண்மை பேசுகிறவனுக்குச் சத்தியப் பிரமாணம் வேண்டாம் என்ற அழகிய கொள்கை, எதிரியும் உண்மை பேசுவான் என்று எண்ணியவிடத்தில் சறுக்கிற்று.

1943 ஏப்ரல் 10-ந் தேதிக்குமேல் ஓவரைசல் உட்பட எட்டு மாகாணங்களில் யூதர் எவரும் வசிக்கலாகாது, யாவரும் வுக்ட் முகாமுக்குச் செல்லவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. டெ எஸ் வீட்டில் எஞ்சியிருந்த மாணவர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டனர். வுக்டிலிருந்து வெஸ்டர்போர்க், அங்கிருந்து ஔஷ்விட்ஸ். அவர்கள் திரும்பவில்லை. யுத்தத்துக்குமுன் ஹாலந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதரில் சுமார் 1,02,000 பேர் அவ்வாறே மடிந்தனர்.

யுத்தம் முடிந்தபின் 1946-இல் ஏர்டேயில் மீண்டும் பள்ளி தொடங்கிற்று. பல தேசத்துப் பிள்ளைகள் வந்தனர். 1947-ஆம் ஆண்டின் சமாதானத்துக்குரிய நோபல் பரிசு இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு தேசத்துக் குவேக்கர் ஸ்தாபனங்களுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 1950-களின் இறுதியில் குவேக்கர் பள்ளி உட்ரெக்ட் மாகாணத்திலுள்ள பேவர்வேர்ட் என்னும் வேறொரு பழைய மாளிகைக்குப் பெயர்ந்தது. ஏர்டேயில் வேறொரு சர்வதேசப் பள்ளி தொடர்ந்தது.

ஏர்டேயின் முதல் மாணவருள் ஒருவர் ஹான்ஸ் ஷ்மிட். பிராங்க்பர்ட்டில் பிறந்தவர், தாய் யூதர், யுத்தத்துக்கு முன்பே அமெரிக்கா சென்று சரித்திரப் பேராசிரியரானார். முதுமையில் இரண்டு நூல்கள் எழுதினார். நாஜிகள் காலத்தில் குவேக்கர் செய்ததையும் செய்யத் தவறியதையும் ஆராயும் நூல் 1997-இல் வந்தது. நன்றியும் வழக்கும் அதில் ஒருங்கே உள்ளன. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகத் தம் இளமைக் கதையை எழுதி வெளியிட்டார். உடன் பயின்றோரை நினைத்தோ, தம்மை நினைத்தோ, அதற்கு அவர் இட்ட பெயர் ‘அதிர்ஷ்டசாலியான பலியாள்’ என்பது.